பூட்டிய பங்களாவிலிருந்து வந்த குரல்

போன மாதம் சேலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்குப் பணம் கட்டி உட்கார்ந்தேன். இன்டர்நெட் என்றால் என்னவென்று பார்த்துவிட வேண்டும் என்ற அறிவுத் தாகம். தாகம் தீர்வதற்குள் ரோஸி என்ற பெயரில் ஒருவர் திரையில் வந்து நலம் விசாரித்தார். நானும் விசாரித்தேன். நேரம் முடிவதற்குள் என் முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, மனைவி வேலைக்குப் போய்த் திரும்பும் நேரம், மகளுக்கு வரன் பார்ப்பது, வாசல் சாவியை எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிறோம் என்பது வரை ரோஸிக்குத் தெரிந்துவிட்டது. ரோஸியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ரோஸி என்பது மட்டும்தான். சென்டர் நடத்தும் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "ஏனுங்க சார், அது பொம்பளதான்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பூந்தொட்டியை இடம் மாற்றினேன். சாவியை அல்லவா மாற்ற வேண்டும் என்று மனைவி கேட்டாள்.

இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், நான் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவன். ஊரார் பேச்சைக் காதில் வாங்கி வாயில் விடாமல் இருப்பதற்காகவே இருபது வருடங்களுக்கு மேல் சம்பளம் வாங்கியவன். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த என்னிடம், எங்கள் ஊழியர் சங்கத்தின் இளைஞர்கள் அனுபவக் கட்டுரை கேட்டார்கள். அவர்கள் காலத்தில் பொத்தானை அமுக்கினால் லைன் கிடைக்கிறது, நடுவில் ஆள் கிடையாது. நடுவில் ஆள் இருந்த காலத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். தாமோதரன் என்ற என் பெயரை மட்டும் மாற்றவில்லை. அதுதான் ரோஸிக்கே தெரியுமே.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சில மாதங்கள் மின்விசிறி இல்லாத ஒரு கூடத்தில் உட்கார வைத்து, காதையும் கையையும் பழக்கினார்கள். வாயைப் பழக்க மறந்துவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் என்னைச் சேர்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். ஏற்காடு டவுன் அல்ல. அதிலிருந்து தள்ளி, குப்பனூர்ப் பாதைப் பக்கம், காபி எஸ்டேட்டுகளுக்காக இருந்த ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். இப்போது அந்தக் கட்டடமே இல்லை.

ஒரே அறை, ஒரே போர்டு. போர்டில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு துளை, துளைக்கு மேல் விரல்நக அளவுக்கு ஒரு பித்தளை மூடி. எங்காவது ஒருவர் போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவருடைய மூடி 'டக்' என்று கீழே விழும். அதை ஷட்டர் என்போம். நாங்கள் பிளக்கைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இன்னொரு பிளக்கை அவர் கேட்ட துளையில் செருகுவோம். மழைக்காலத்தில் கிளை உரசினாலும், தூரத்தில் மின்னினாலும் ஷட்டர் தானாக விழும். மேகம் மலையின் மேல் வந்து உட்கார்ந்த நாட்களில், ஆளே இல்லாத பங்களாக்களின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும். பிளக்கைச் செருகிக் கேட்டால் ஒரு நீண்ட இரைச்சல் மட்டும் வரும். புதிதில் உடம்பு சிலிர்க்கும். பழகிய பிறகு, "ஏனுங்க பேயாரே, சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு மூடியைத் தூக்கிவிடுவேன்.

இந்த மாதிரி வேடிக்கை ஃபிலோமினா மேடத்துக்குப் பிடிக்காது. அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். எஸ்டேட் வேலையோடும் சர்ச்சோடும் மூன்று தலைமுறையாக அந்த மலையில் இருந்த குடும்பம். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. என்னைத் 'தம்பி' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'சாமி' என்பார். அந்த மலையில் எல்லோரும் கொஞ்சுவதற்குச் சொல்கிற வார்த்தை அது. அவர் சொன்னால் முதுகுத்தண்டு நிமிரும். ஆப்பரேட்டருக்கு நாலே வாக்கியம் போதும் என்பது அவர் கொள்கை. நம்பர் சொல்லுங்க. பதில் இல்லைங்க. லைன் கிடைக்கலைங்க. ஆள் இல்லைங்க. ஐந்தாவது வாக்கியம் பேசினால் ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லிவிடுவார்.

ஆனால் மலை அப்படிப்பட்டதல்ல. அங்கே யாரும் நம்பர் சொல்ல மாட்டார்கள். "டாக்டர் எங்க இருக்காரோ அங்க குடுங்க தம்பி" என்பார்கள். டாக்டர் அந்த நேரத்தில் யார் வீட்டில் சீட்டாடுகிறார் என்பது எனக்குத் தெரியும், கொடுப்பேன். "எங்க ஊட்டுக்காரரு கெளம்பிட்டாருங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்பார். கிளம்பி, வழியில் பேக்கரியில் நிற்கிறார் என்பேன். இதற்கு உதவி என்று பெயர். பொங்கலுக்கு எனக்குப் பலாப்பழம் வந்தது, மேடத்துக்கு வரவில்லை. நான் அதைத் திறமைக்கு அத்தாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு மழைக்காலத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு பி.பி. கால் வந்தது. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் முழுக் கட்டணம், ஆள் இல்லையென்றால் சின்னத் தொகையோடு போய்விடும் என்பது பி.பி. கால். ஒரு பள்ளி ஹாஸ்டலில் சுசீலா என்பவரைக் கேட்டார்கள். நான் ஹாஸ்டலைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அவங்க இங்க தங்கறதில்லைங்களே" என்றார் வாட்ச்மேன். விதிப்படி நான் மெட்ராஸுக்குச் சொல்ல வேண்டியது, ஆள் இல்லை. நான் சொன்னது, ஆள் இல்லை, அங்கே தங்குவதில்லையாம். இரண்டு சொற்கள் கூடுதல். மறுமுனையில் ஓர் ஆண் குரல், "நொம்ப நன்றிங்க" என்றது. அவ்வளவு மரியாதையான குரலை நான் அந்த போர்டில் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் சுசீலா எக்ஸ்சேஞ்சுக்கே வந்தார். முப்பது வயது இருக்கும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர், ஊருக்கு டீச்சரம்மா. மேடத்தின் முன்னால் நின்றுகொண்டே கேட்டார்: "என் பேரைக் கேட்டு போன் வந்துச்சாம். யாரும்மா பேசுனது?"

"அது எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் மேடம்.

சுசீலா புடவைத் தலைப்பை விலக்கி இடது கையைக் காட்டினார். தோளிலிருந்து முழங்கை வரை தோல் மெழுகு மாதிரி உருகி இறுகியிருந்தது. "எங்க வீட்டுக்காரர் செஞ்சது. ரெண்டு வருஷமாத் தேடிட்டிருக்கார். இந்தத் தடவை கையோட விடமாட்டேன்னு எங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கார்."

மேடம் எழுந்து நின்றார். "இந்த போர்டுல இருந்து உங்க பேரு இனிமே வெளிய போகாது" என்றார். சுசீலா போனதும் என் பக்கம் திரும்பினார். "அவங்க இந்த மலையிலதான் இருக்காங்கன்னு காட்டிக் குடுத்த அந்த ரெண்டு வார்த்தையை யாரைக் கேட்டுச் சொன்னீங்க, சாமி?"

போர்டு அன்றோடு வாயை மூடிக்கொண்டது. மலை மூடவில்லை.

அடுத்த வாரம் அதே குரல் வேலூரிலிருந்து பேக்கரி அந்தோணியைக் கூப்பிட்டது. இணைப்பு கிடைத்ததா என்று பார்க்க ஆரம்பத்திலும், மூன்று நிமிடம் ஆனதைச் சொல்ல முடிவிலும் நாங்கள் லைனில் இருக்க வேண்டும். அந்த இரண்டு நுனிகள்தான் காதில் விழும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டிய உறவினர் என்று குரல் சொல்லிக்கொண்டது. அந்தோணி உற்சாகமாக, "டீச்சரம்மாவா? தங்கமான மனுசிங்க. எஸ்டேட் அவுட்ஹவுஸ்ல ஊடு எடுத்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சேலத்திலிருந்து, எஸ்டேட் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் ரைட்டரைக் கூப்பிட்டது. இப்போது தன்னை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டது. ரைட்டர் சொன்னதில் எனக்குக் கிடைத்த நுனி: "பங்களாவுக்கு நேர் கீழ தானுங்க அவங்க ஊடு. மேல பங்களா காலிங்க, மொதலாளி வெயில் காலத்துலதான் வருவாரு." மறுபடி சேலத்திலிருந்து அந்தோணி. "சனிக்கிழமையானா மத்தியான பஸ்ஸுல சேலம் போயிருவாங்க, அவங்கம்மா ஆசுபத்திரியில கெடக்கறாங்க. பஸ்ஸு ஓடலைன்னா ஊட்டோடதான் இருப்பாங்க." அந்தோணி அதற்குள் அந்தக் குரலுக்குச் சிநேகிதர் ஆகியிருந்தார். சிரிப்பெல்லாம் கேட்டது.

யாரும் ரகசியம் எதையும் சொல்லிவிடவில்லை. அதைத்தான் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஊர் முழுவதும் அறிந்த விஷயங்களைத்தான் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒன்றாகச் சேர்த்தவன் அவன் ஒருவன். சேர்ந்ததை வெளியே நின்று பார்த்தவன் நான் ஒருவன். மெட்ராஸ், வேலூர், சேலம் என்று அந்தக் குரல் படிப்படியாகக் கிட்டே வருவதும் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

மேடத்திடம் சொன்னேன். டீச்சரிடம் எச்சரித்துவிடலாம் என்றேன்.

"எதை வச்சு எச்சரிப்பீங்க? அந்தோணி பேசுனதை வச்சா? ரைட்டர் பேசுனதை வச்சா?"

"அந்தம்மா உசுரு மேடம்."

"கேட்டதை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இந்த நாற்காலியில உக்காந்தோம். நல்லதுக்குத்தானேன்னு இன்னிக்கு ஒண்ணு சொல்லுவீங்க. நாளைக்கு எது நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணுவீங்க. அந்த ஆளும் அப்படித்தான் பண்ணிட்டிருக்கான்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டியூட்டி முடிந்ததும் பேக்கரிக்குப் போய், பன் வாங்குகிற சாக்கில், "அண்ணா, யாராவது போன்ல ஆளுங்களைப் பத்தி விசாரிச்சா ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

அந்தோணியின் கை பன் தட்டின் மேலேயே நின்றுவிட்டது. "ஏனுங்க தாமு, எம் போனை ஒட்டுக் கேக்கறீங்களா?"

"இல்லைங்கண்ணா, பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாவா? நேத்து நான் பேசுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பன்னைக் கையில் வாங்காமலே திரும்பினேன். அடுத்த நாள் மேடத்துக்குப் புகார் வந்தது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சாமி என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதன் பிறகு குரல் வரவேயில்லை. சேலத்தோடு நின்றுவிட்டது. சலித்துப் போய்த் திரும்பிவிட்டான் என்று நினைத்தேன். மேகம் மட்டும் இறங்கிவந்து மலையிலேயே தங்கிவிட்டது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வேலை. ஜன்னலுக்கு வெளியே இருந்த சில்வர் ஓக் மரங்களை யாரோ அழித்துவிட்ட மாதிரி இருந்தது. பூட்டிய பங்களாக்களின் ஷட்டர்கள் வழக்கம்போல விழுந்தன. எஸ்டேட் பங்களாவின் ஷட்டர் மட்டும் அந்த வாரம் அடிக்கடி விழுந்தது. பிளக்கைச் செருகினால் இரைச்சல்கூட இல்லை. ஓர் அறையின் மௌனம். ஈரம் என்று மூடியைத் தூக்கிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம். மூட்டம் கனத்துப்போய், பஸ் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதே ஷட்டர் விழுந்தது. பிளக்கைச் செருகி, "ஏனுங்க பேயாரே, சாப்பிட்டாச்சுங்களா?" என்றேன்.

"ஆச்சுங்க தாமோதரன் சார். நீங்க?"

அதே குரல். ஆனால் இந்தத் தடவை சேலத்தின் கரகரப்பு இல்லை, மெட்ராஸின் தூரம் இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலிருந்தது.

"பாப்பாவுக்கு இருமல் தேவலைங்களா சார்? அந்தோணி சொன்னார், நொம்பக் கஷ்டப்படுதுன்னு. கற்பூரவள்ளி குடுத்துப் பாருங்க."

"தேவலை" என்று சொல்லியே விட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். யாராவது அன்பாகக் கேட்டால் பதில் சொல்கிற பழக்கம் பயத்தைவிடப் பெரியது.

"சந்தோஷங்க. ஒரு சின்ன உதவி. மத்தியான பஸ் இன்னிக்கு ஓடுதுங்களா?"

ஒரு பஸ்ஸைப் பற்றிய கேள்வி. அன்றாடம் பத்துப் பேர் கேட்பதுதான். பஸ் ஓடவில்லை என்று கொஞ்சம் முன்னால்தான் டவுனிலிருந்து தகவல் வந்திருந்தது. ஓடவில்லை என்றால் சுசீலா வீட்டில் இருக்கிறார், பங்களாவுக்கு நேர் கீழே. எனக்கு நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கைப் பார்த்துவிட்ட மாதிரி மேடம் தன் ஹெட்செட்டைப் போர்டில் செருகி, என் கையை விலக்கினார்.

"நம்பர் சொல்லுங்க" என்றார்.

"அம்மாவா? வணக்கம்மா. பஸ் ஓடுதான்னு கேட்டுட்டிருந்தேன்."

"நம்பர் சொல்லுங்க."

குரல் லேசாகச் சிரித்தது. "நீங்கதானே ஃபிலோமினாம்மா. நிச்சயம் பண்ணவர் வராமப் போனதுல இருந்து இந்த போர்டே கதின்னு இருக்கீங்களாமே. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா கேட்டப்ப."

அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கே தெரியாத விஷயம் அது. மேடத்தின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நம்பர் சொல்லுங்க."

அவன் பேசவில்லை. அந்த மௌனத்தில் பங்களாவின் அறை எங்கள் காதுக்குள் விரிந்தது. எங்கோ கூரை ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவனுடைய மூச்சு. அதற்கும் அப்பால், ஜன்னலுக்கு வெளியே, கீழே எங்கோ யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். மெல்லிய பாட்டு ஒன்று மூட்டத்துக்குள்ளிருந்து ஏறி வந்தது.

நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

"சரிங்கம்மா, தெரிஞ்சுபோச்சு" என்றது குரல். ரிசீவரை மேஜை மேல் வைக்கிற சத்தம். பிறகு நடை.

மேடம் அந்தப் பிளக்கைப் பிடுங்கவில்லை. இன்னொரு பிளக்கை எடுத்து எஸ்டேட் ரைட்டரின் ஆபீசைக் கூப்பிட்டார். அப்போதுதான் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று புரிந்தது. பிறர் பேச்சை எடுத்துச் சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. ஆனால் பூட்டிய வீட்டில் இருக்கும் போனை வேறு யாரோ பயன்படுத்தினால், வீட்டுக்குப் பொறுப்பானவரிடம் உடனே சொல்ல வேண்டியது எங்கள் கடமை. ஷட்டர் விழுந்தது எங்கள் போர்டில். அது எங்களுடைய செய்தி.

"ரைட்டருங்களா? பங்களா போன்ல ஆள் இருக்குது. உடனே ஆளுங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"ஏனுங்கம்மா, மூட்டத்துல லைன் உளறுதுங்க. இங்க நெறைய வேலை கெடக்குது, சாயங்காலமாப் பாத்துக்கலாங்க."

"சாமி, இப்பப் போங்க" என்றார் மேடம். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை. "சத்தம் போட்டுட்டுப் போங்க. அவுட்ஹவுஸ் வழியாப் போங்க."

ரைட்டர் போனை வைத்தார். நாங்கள் பங்களாவின் வெற்று அறையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவுட்ஹவுஸில் போன் கிடையாது, செய்வதற்கு வேறொன்றும் இல்லை. தண்ணீர் சொட்டியது, பாட்டு ஓடியது. மற்ற ஷட்டர்கள் விழுந்தன, தொடவில்லை. பிறகு பாட்டு நடுவில் நின்றது. அப்போது நான் மேடத்தைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து ஆட்களின் கூச்சல், தகரம் தட்டுகிற சத்தம், கதவு உடைபடும் சத்தம். யாரோ ரிசீவரை எடுத்தார்கள். "அலோ, யாருங்க?" ரைட்டரின் குரல்.

"நம்பர் சொல்லுங்க" என்றார் மேடம், பழக்க தோஷத்தில். பிறகு, "அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். கடமைக்குச் சம்பந்தமில்லாத ஐந்தாவது வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான்.

சுசீலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்ப் பாதையில் வந்த ஆட்களின் கூச்சல் எங்களுக்கு எட்டுவதற்கு முன்பே அவருக்குக் கேட்டிருக்கிறது, ரேடியோவை நிறுத்தியது அவரேதான். சமையலறைப் பின்கதவின் படி வரைக்கும் ஈரச் செருப்புத் தடம் வந்திருந்தது. அங்கிருந்து காபிச் செடிகளுக்குள் திரும்பிப் போயிருந்தது. பங்களாவின் மாடியில், அவுட்ஹவுஸைப் பார்த்த ஜன்னலோரம், ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆரஞ்சுத் தோல் குவிந்து கிடந்ததாம். மேலே இருந்தது ஈரம் காயாதது. அடியில் இருந்தது காய்ந்து சுருண்டு கறுத்துப் போனது.

போலீஸ் ஜீப் குப்பனூர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஆள் கிடைக்கவில்லை. வந்தது புருஷன்தானா, அவன் அனுப்பிய ஆளா என்பதுகூட இன்றுவரை தெரியாது. சுசீலா புருஷனின் குரல் அவ்வளவு மென்மையாக இருக்காது என்றார். சில நாட்களில் அவர் மலையைவிட்டுக் கிளம்பினார். மேடம் குடையோடு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வந்தார். எந்த ஊர் பஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு அன்று தெரிந்தது.

அதன் பிறகு நானும் நாலு வாக்கிய ஆப்பரேட்டராகிவிட்டேன். டாக்டர் எங்கே என்றால் நம்பர் சொல்லுங்க என்றேன். தாமோதரனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊர் பேசியது. பலாப்பழம் நின்றுபோயிற்று.

ஒரு நாள் பேக்கரிக்குப் போனேன். இப்போது விஷயம் போலீஸ் வழியாக ஊருக்கே தெரிந்துவிட்டதால் வாயைத் திறக்கலாம் என்று தோன்றியது. கல்யாணப் பத்திரிகை உறவினர் யார் என்பதையும், எந்தத் தகவல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் அந்தோணிக்கு ஒரு சின்னப் பிரசங்கமாகவே விளக்கினேன். அவர் தட்டின் மேல் ஈ ஓட்டிக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டார். முகம் வாடித்தான் போயிருந்தது. ஒரு பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிங்க தாமு. ஆனா அந்த ஆளு ஒரு நாளாச்சும் எங்கிட்ட எரிஞ்சு விழுந்திருப்பாருங்களா? உங்க மேடத்தை அப்படிச் சொல்லுங்க பாக்கலாம்."